கதிருக்கு வழிகாட்டிய அயோடின்

நோய்க்கு மருந்து காண்பது ஒரு வேலை. அம்மருந்தை நோயுள்ள இடத்திற்குக் கொண்டு சேர்ப்பது மற்றொரு வேலை. கதிரியக்கத்தால் புற்றுநோயைத் தீர்க்க முயன்ற மருத்துவர்களைப் பெரிதும் வருத்தியது இந்த இரண்டாவது வேலைதான். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர், வழியிலுள்ள நல்ல தசையையும் சுடும். புற்று உடலெங்கும் சிதறிவிட்டாலோ எவ்விடத்தில் பாய்ச்சுவது? இவ்விடருக்கு வழி திறந்த வரலாறு ஒன்று, ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் கார்ல் காம்ப்டன் என்னும் பௌதிக அறிஞர் சொற்பொழிவாற்றினார். பௌதிகம் மருத்துவத்துக்கு என்ன செய்யக்கூடும் என்பது பொருள். கேட்டிருந்தவர்களுள் டாக்டர் சால் ஹெர்ட்ஸ் ஒருவர். தைராய்டு நோயாளரைக் கவனித்து வந்தவர். கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டுச் சுரப்பி, இரத்தத்திலுள்ள அயோடினை ஈர்த்துத் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால், அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கமுடையதாக்க இயலுமா என்று அவர் வினவினார்.

இயலும் என்பது விரைவில் விளங்கிற்று. இராப்ளி எவான்ஸ் முதலிய பௌதிக அறிஞர்களின் துணையுடன் 48 முயல்களுக்கு அயோடின்-128 கொடுத்துச் சோதித்தனர். அது தைராய்டில் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதன் கதிரியக்கம் 25 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். மருந்தாக அது உதவாது. பின்னர்ச் சைக்ளோட்ரான் என்னும் பொறியின் உதவியால், 12 மணி நேரத்தில் பாதியாகும் அயோடின்-130 கிடைத்தது. பெரும்பகுதி அதுவே கலந்த மருந்தை 1941 மார்ச் 31ஆம் நாள் முதல் நோயாளிக்கு ஹெர்ட்ஸ் கொடுத்தார். அந்நோய் புற்றன்று, தைராய்டு அளவுமீறிச் சுரக்கும் நோயாகும்.

புற்றுநோயில் இதன் பயன் நியூயார்க்கில் தெரிந்தது. அங்கே ஒரு நோயாளிக்குத் தைராய்டு முன்பே அகற்றப்பட்டிருந்தது. இருந்தும் தைராய்டு மிகையாகச் சுரப்பதன் குறிகள் தோன்றின. சிதறிய புற்றே சுரப்பியின் தொழிலைச் செய்துகொண்டிருந்தது! அப்படியானால் அதுவும் அயோடினை ஈர்க்குமன்றோ? டாக்டர் சீட்லினும் அவர் துணைவரும் கதிரியக்க அயோடினைக் கொடுத்தனர். அது புற்று இருந்த இடங்களில் சேர்ந்து வேலை செய்தது. இச்செய்தி 1946இல் வெளியாயிற்று. அணு உலைகள் வந்தபின், 8 நாளில் பாதியாகும் அயோடின்-131 தாராளமாகக் கிடைக்கலாயிற்று. இன்றும் அதுவே வழக்கில் உள்ளது.

எனினும், தைராய்டுக்கு வாய்த்த நற்பேறு மற்ற உறுப்புகளுள் பெரும்பாலானவற்றுக்கு வாய்க்கவில்லை. அவற்றுக்குத் தானே வழியறிந்து செல்லும் தனிமம் இல்லை. ஆகவே வழியறிந்த தூதனைச் செய்து, அவன் முதுகில் கதிரை ஏற்ற வேண்டியதாயிற்று. சில வகைப் புற்றணுக்களின் மேற்பரப்பில் பற்றிக்கொள்ளும் சிறு புரதக்கூறொன்றுடன் லுட்டீசியம்-177 என்னும் கதிரியக்கத் தனிமத்தை இணைத்த மருந்துக்கு, 2018இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. புராஸ்டேட் புற்றுக்கான அத்தகைய மருந்து 2022இல் இசைவு பெற்றது.

இத்தூதர்களும் வழி தவறுவதுண்டு. முதல் மருந்து சிறுநீரகத்திலும் தங்குகிறது. அதைக் காக்க லைசின், அர்ஜினின் என்னும் அமினோ அமிலங்களை உடன் செலுத்துகிறார்கள். இரண்டாவது மருந்து உமிழ்நீர்ச் சுரப்பியிலும் சேர்வதால் நோயாளிக்கு நா வறள்கிறது. நல்ல உறுப்பைத் தீண்டாத தூதனைத் தேடுவதே இன்றைய ஆய்வின் நோக்கம்.

ஹெர்ட்ஸ் பௌதிக அறிஞர் அல்லர். தம் நோயாளரின் சுரப்பியை நன்கு அறிந்தவர். அவ்வறிவே அவருக்குச் சரியான வினாவைத் தந்தது. பிற துறையார் சொற்பொழிவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதை நினைவிற் கொள்வது நன்று.