ஏழையின் கல்லும் செல்வரின் கல்லும்

கல்லடைப்பு நோயின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கத்தியின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். ஹிப்பொக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் பிரமாணம், கல்லை வெட்டியெடுக்கும் தொழிலில் வைத்தியன் இறங்கலாகாது என விலக்கியது. சுசுருதரோ அத்தொழிலுக்கே முறை வகுத்தார். 1658 இல் இலண்டனிலே சாமுவேல் பீப்ஸ் என்னும் நாட்குறிப்பாளர் மயக்கமருந்து எதுவுமின்றிக் கல்லை எடுப்பித்துப் பிழைத்துக்கொண்டார். அடுத்த நூற்றாண்டில் செசல்டன் என்ற சத்திரவைத்தியர் ஒரு நிமிடத்துக்குள் காரியத்தை முடிக்கும் திறம் பெற்றிருந்தார். கேட்கச் சுவையான கதைகளே இவை. ஆனால், அம்மேசைகளிலே கட்டிக் கிடத்தப்பட்டோர் யாவர் என்று நாம் வினவுவோமாயின் கதை வேறாகிவிடுகின்றது.

இங்கிலாந்தின் கிழக்கே உள்ள நோர்போக் பயிர்த்தொழிற் பிரதேசம். அதன் தலைநகரான நொறிச்சில் 1771 இல் ஓர் ஆஸ்பத்திரி நிறுவப்பட்டது. கல்நோயாளர் விவரங்களை ஒழுங்காகப் பதிந்துவைத்த ஆஸ்பத்திரிகள் அக்காலத்தில் அரிது. நொறிச் அவற்றுள் ஒன்று. அலெக்சாந்தர் மார்செற் என்னும் வைத்தியர் 1817 இல் வெளியிட்ட நூலில் அப்பதிவுகளை எடுத்தாண்டார். 44 ஆண்டுகளில் 506 பேருக்குச் சத்திரசிகிச்சை. 70 பேர் மரணம். அவர்களுள் பெரும் பங்கினர் சிறுவர். அதுவும் ஏழைகளின் மக்கள். உண்டு கொழுத்த முதியோரின் நோய் என்று எண்ணப்பட்ட கல், கூலிவிவசாயியின் குழந்தையினது சலப்பையிலே எவ்வாறு வந்தது?

இக்கேள்வியை அன்று ஆண்டோர் கேட்டிலர். அதற்கு முன்னரே, 1739 இல், யோவன்னா ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணியின் கல்கரைக்கும் இரகசிய மருந்துக்குப் பிரித்தானியப் பாராளுமன்றம் 5000 பவுண் கொடுத்தது. இரகசியம் வெளியானபோது முட்டையோடும் நத்தையோடும் சவர்க்காரமுமே அதில் முதன்மையாயிருந்தன. பிரபுக்களும் கல்லால் வருந்தினார்கள் அல்லவா!

குழந்தைகளின் கல்லுக்குரிய விடை, பிற்காலத்தில், நீலகிரியிலுள்ள குன்னூரிலிருந்து ஒரு பகுதி வந்தது. றொபேட் மக்கரிசன் இந்திய வைத்திய சேவையில் இருந்தவர், ஏகாதிபத்தியத்தின் உத்தியோகத்தர். ஆயினும் அவருடைய எலிகள் எவருக்கும் ஊழியஞ் செய்யவில்லை. பால் முதலியன இன்றித் தானியத்தையே பெரிதும் உண்ட எலிகளின் சலப்பையில் கல் தோன்றியது. பாலைச் சேர்த்தபோது அது தடுக்கப்பட்டது. 1931 இல் இந்தியாவிற் கல்நோய் ஏற்படுங் காரணம் பற்றி அவர் எழுதியபோது, உணவின் குறைபாட்டையே வற்புறுத்தினார். இந்த ஆராய்ச்சிப் பணியைத்தான் 1923 இல் சிக்கனம் என்ற பேரால் அரசாங்கம் நிறுத்திவைத்து, ஈராண்டின் பின் மீண்டும் தொடங்க அனுமதித்தது என்பதும் நினைவிலிருத்தற்பாலது.

1960களில் தாய்லாந்தின் வடகிழக்கே உபோன் பிரதேசத்தில் நடந்த ஆராய்ச்சிகள் விடயத்தை மேலும் தெளிவாக்கின. அங்கே பிறந்து சில நாட்களே ஆன சிசுக்களுக்கும் பசைச்சோறு ஊட்டப்பட்டு வந்தது. தானியமே உணவாகும்போது உடலிற் பொசுபேற்றுக் குறைகின்றது; சிறுநீரில் அமோனியம் மிகுகின்றது. வெயிலும் வயிற்றோட்டமும் சேர்ந்து நீரை வற்றச் செய்ய, பளிங்குகள் படிந்து கல்லாகத் திரள்கின்றன. பொசுபேற்றைக் கொடுத்துப் பார்த்தபோது பளிங்குகள் குறைந்தன.

நொறிச்சில் இந்நோய் மறைந்தது இந்த ஆராய்ச்சிகளாலன்று. அவற்றுக்கு முன்னரே மறைந்துவிட்டது. பாலும் பலவகை உணவும் தொழிலாளர் வீட்டை எட்டிய காலத்தில் சத்திரவைத்தியரின் மேசைக்குக் குழந்தைகள் வருவது நின்றது. கூலிக்காகவும் ரொட்டி விலைக்காகவும் மக்கள் நடத்திய போராட்டங்களை வைத்திய வரலாற்று நூல்கள் ஒரு சிகிச்சையாகக் கணக்கிடுவதில்லை.

குழந்தையின் சலப்பைக் கல் ஒழிந்த அதே நாடுகளில் வளர்ந்தோரின் சிறுநீரகக் கல் பெருகியது. இறைச்சியும் உப்பும் சீனியும் மிகுந்த உணவு அதற்குத் துணைபோயிற்று. ஐரோப்பாவில் உலகப்போர்க் காலப் பஞ்சத்தின்போது இந்நோய் குறைந்து, பின்னர் மீண்டும் ஏறியது. இக்கல்லுக்குப் பணமும் பொறியும் விரைந்து கிட்டின. விமானங்கள் செய்த டோர்னியர் கம்பனியின் அதிர்ச்சியலை ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கருவியைக் கொண்டு, 1980 இல் மியூனிக் நகரில், உடலை வெட்டாமலே கல் நொறுக்கப்பட்டது. பெருஞ்சாதனை அது, நாம் அதைக் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் சிறுநீரகத்தின் துயரம் கல்லோடு முடிவதில்லை. எல் சல்வடோரிலும் நிக்கராகுவாவிலும் வெயிலில் கரும்பு வெட்டும் இளைஞர்கள், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். வேலைத்தலத்தில் நீரும் ஓய்வும் நிழலும் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரகச் சேதம் குறைவதை ஆராய்ச்சியாளர் கண்டனர். நம் நாட்டிலும் 1990கள் தொட்டு மதவாச்சி, பதவியா முதலிய இடங்களின் விவசாயிகளை இத்தகையதொரு நோய் தாக்கி வருகின்றது. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெப்பம் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. ஒன்றேனும் முடிந்த முடிவாக நிறுவப்படவில்லை. வடிகட்டும் பொறிகள் நிறுவப்பட்ட கிராமங்களில், தன் முற்றத்துக் கிணற்றை விட்டு, விவசாயி கலனோடு அவற்றைத் தேடிச் செல்கின்றான்.