வழி விலகிய வீதி

வாணிகம் வழியைப் பின்பற்றி நடக்கும். வழி விலகினால் வீதி வாடும். இவ்வுண்மைக்குச் சோழமண்டலக் கடற்கரையிலுள்ள தரங்கம்பாடி தெளிவான சான்றாகும்.

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் 1620-ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனிஷ்காரர் அங்கே கோட்டை எழுப்பினர். மிளகையும் துணியையும் நாடி வந்த கப்பல்கள் ஊரை வளர்த்தன. நகர வாயிலிலிருந்து கடல் நோக்கிச் செல்லும் அரசர் வீதியில் மாளிகைகளும் ஆலயங்களும் எழுந்தன. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியதும் இவ்வூரில்தான்.

1845-இல் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் 12.5 இலட்சம் ரூபாய்க்கு டென்மார்க் ஆங்கிலேயரிடம் விற்றது. சில ஆண்டுகள் அங்கிருந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் பின்னர் தஞ்சைக்கு மாறியது. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து உள்நாட்டிற்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அத்துடன் சரக்கு அத்துறைமுகத்தை நாடிற்று. தரங்கம்பாடி வணிகம் ஒடுங்கிற்று. மாயவரத்திலிருந்து 1926-இல் கிளைப்பாதை ஒன்று வந்தபோதிலும், வேறிடத்தில் வேரூன்றிவிட்ட வாணிகத்தை அதனால் மீட்க இயலவில்லை. 1986-இல் அப்பாதையும் மூடப்பட்டது.

புறக்கணிப்பிலும் ஒரு நன்மை விளைந்தது. இடித்துக் கட்டுவதற்குப் பணமில்லாததால் பழைய வீடுகள் பல எஞ்சின. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் டேனிஷ் நிறுவனங்களும் இணைந்து அரசர் வீதியின் ஆளுநர் மாளிகையைச் சீரமைத்தன. தட்டாரத் தெருவின் எளிய வீடுகள் சிலவும் புதுப்பிக்கப்பட்டன. இப்போது அங்கே சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர்.

எனினும் ஒரு வினா எழுகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசினால் வீதி உயிர் பெற்றுவிடுமா? திருவண்ணாமலையை நோக்குவோம். அதற்கு எத்தனை புறவழிகள் போட்டாலும், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடந்து சுற்ற வரும் மக்களை அவை திருப்பிவிட முடியாது. அங்கே ஊரே சென்றடையும் இடம். கடைகள் அதனால் வாழ்கின்றன. தரங்கம்பாடியோ சரக்கு கடந்து செல்லும் வாயிலாக இருந்தது. வாயில் மாறியதும் கடைக்கு வேலையில்லாமற் போயிற்று.

ஆகவே, வாடிய வீதிக்குப் புத்துயிர் தர விழைவோர் இழந்த போக்குவரத்தை எண்ணி ஏங்குவதில் பயனில்லை. மக்கள் அங்கே வருவதற்குப் புதியதொரு காரணம் வேண்டும். அக்காரணத்தின் பயன், பயணிக்கு மட்டுமன்றி, அவ்வீதியிலேயே வாழ்ந்து வரும் மீனவருக்கும் கைவினைஞருக்கும் சிறு வணிகருக்கும் சேர வேண்டும். அவர்கள் குடிபெயர்ந்தபின் எஞ்சுவது அழகிய காட்சிக்கூடமே. அதனை வீதி என்று அழைத்தல் பொருந்தாது.