இடைவெளிகளில் நடந்த நிர்வாகம்: தென் திருவிதாங்கூரில் இலண்டன் மிஷன், 1806–1959

தென் திருவிதாங்கூரில் இலண்டன் மிஷனின் வரலாற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர், கடல் கடந்து வந்தவர்களின் பெயர்களைக் கொண்டே காலத்தைப் பிரித்திருக்கிறார்கள். ரிங்கல்தௌபே காலம், மீட் காலம், லோ காலம், சாமர்வெல் காலம் என்று அது செல்லும். ஆட்சியாண்டுகளைப் போல அடுக்கிய இந்தப் பகுப்பில் பெரிய குறை ஒன்று உண்டு. ஒருவர் போனதற்கும் அடுத்தவர் வந்ததற்கும் இடையில் கிடந்த ஆண்டுகள் அதில் விடுபட்டுப் போகின்றன. அந்த ஆண்டுகளிலும் சபைகள் கூடின, நோயாளிகள் வந்தார்கள். வெளிநாட்டவர் இல்லாத காலத்தில் இந்தப் பன்னாட்டு அமைப்பை நடத்தியவர்கள் யார்? அதிகாரம் முறைப்படி அவர்கள் கைக்கு வர ஏன் நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின? இவ்விரு கேள்விகளையும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மயிலாடி, நாகர்கோவில், நெய்யூர் ஆகிய மூன்று ஊர்களை வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

இலண்டன் மிஷனரி சங்கம் 1795இல் தோன்றியது. தங்கள் நாட்டைவிட்டுத் தொலைதூரம் சென்று ஊழியம் செய்ய முன்வந்தவர்களைத் தெரிந்தெடுத்துப் பயணம் அனுப்புவதும், நன்கொடை திரட்டி அவர்களைத் தாங்குவதும் அதன் வேலை. இயக்குநர்கள் இலண்டனில் இருந்தார்கள். ஊழியர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். இங்கே வந்த முதல் ஊழியரே ஆங்கிலேயர் அல்லர். வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே 1770இல் பிரஷ்யாவில் பிறந்தவர். இந்த ஆங்கிலச் சங்கத்தின் ஊழியராக, டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் 1804இல் வந்து இறங்கினார். 1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார்.

அவரை இங்கே வரவழைத்தவர் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன். சிதம்பரத்துக்கு யாத்திரை போன அவர், தஞ்சாவூரில் உறவினர் வழியாகக் கிறிஸ்தவம் அறிந்து ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயருடன் ஊர் திரும்பினார். தன் ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டு நின்றவரும் அவரே. ஆகவே பயணத்தைத் தொடங்கிவைத்தது இலண்டன் என்று எழுதுவது பாதி உண்மைதான். அழைப்பு மயிலாடியிலிருந்து போனது.

திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி கிறிஸ்தவ ஆலயம் கட்ட அனுமதி தரவில்லை. அவர் வீழ்ச்சியுற்ற 1809இல், பிரிட்டிஷ் ரெசிடென்ட் மெக்காலேயின் ஆதரவோடு மயிலாடியில் சிற்றாலயம் எழுந்தது. ரிங்கல்தௌபே எளிமையாக வாழ்ந்தவர். தனக்கு வந்த சம்பளத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் பிறருக்குக் கொடுத்துவிடுவார். உடல்நலம் கெட்டு 1816இல் அவர் மயிலாடியை விட்டுப் புறப்பட்டபோது, வேதமாணிக்கத்திடம் சபைகளின் பொறுப்பை ஒப்படைத்துச் சென்றார். அதன்பின் அவர் எங்கே மடிந்தார் என்பதற்கு உறுதியான சான்று எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த ஊழியர் சார்லஸ் மீட் 1818இல்தான் வந்தார். இடைப்பட்ட காலத்தில் சபைகளைச் சிதறாமல் காத்தவர் வேதமாணிக்கம். இதுவே நாம் காணும் முதல் இடைவெளி. இக்காலத்தைப் பெரும்பாலான நூல்கள் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. என் பார்வையில், இந்த அமைப்பின் வரலாற்றில் இதைவிட முக்கியமான சோதனை வேறில்லை. புதிதாய் வேர்விட்ட சபைகள், சாதி ஒடுக்குமுறையும் கூலியில்லா ஊழிய வேலைக் கட்டாயமும் நிறைந்த ஒரு நாட்டில், வெள்ளைக்காரரின் நிழல் இல்லாமல் நின்றுபிடித்தன.

மீட் ஐயரின் வரவோடு நிர்வாகம் விரிந்தது. இராணி கௌரி பார்வதி பாயி, ரெசிடென்ட் மன்றோவின் வேண்டுகோளின்படி, நாகர்கோவிலில் பங்களாவும் நெல்வயல் வாங்க ரூ.5,000மும் கொடுத்தார். 1819இல் அங்கே செமினரி தொடங்கியது. இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் மூலவேர் அதுதான். மறு ஆண்டில் அச்சகம் வந்தது. இப்படி நாட்டு மன்னர் குடும்பத்தின் பணமும் பிரிட்டிஷ் ரெசிடென்டின் செல்வாக்கும் இலண்டனின் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்தன. மீட்டை நாகர்கோவிலில் நீதிபதியாகவும் மன்றோ அமர்த்தினார். தங்கள் ஊழியர் அரசுப் பதவியில் இருப்பதை இயக்குநர்கள் விரும்பவில்லை. ஏறத்தாழ ஓராண்டில் அவர் அதை விட்டார்.

இங்கே தொலைவைக் கணக்கில் எடுக்க வேண்டும். அன்று கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே வரவேண்டும். ஒரு கடிதம் இலண்டன் போய்ச் சேர நான்கைந்து மாதம் பிடிக்கும். கேள்வி போய் மறுமொழி வருவதற்குள் ஆண்டே கழிந்துவிடும்; பல நேரங்களில் பிரச்சினையே முடிந்துபோயிருக்கும். எனவே இயக்குநர்களின் அதிகாரம் ஏட்டளவில் முழுமையாகவும் நடப்பில் மெலிந்தும் இருந்தது. அன்றாட முடிவுகளை எடுத்தது மாவட்டக் கமிட்டி. அந்தக் கமிட்டி மிஷனரிமார் கூடும் இடம். ஊர் ஊராகப் போய்ச் சபை நடத்திய உபதேசியார்களுக்கு அதில் இடமில்லை.

மிஷனரிமாரின் மனைவிமாருக்கும் அப்படியே. மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப்பள்ளி நடத்தி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தைக் கொண்டு அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். சங்கத்தின் சம்பளப் பட்டியலில் மார்த்தாவின் பெயர் கிடையாது. மிஷனரியின் மனைவி என்பதே அவருக்கிருந்த அடையாளம். தன்னார்வத் தொண்டு என்ற சொல்லை முழுப்பொருளில் ஒருவருக்குத் தருவதென்றால் அவருக்குத்தான் முதலில் தர வேண்டும். மாவட்டத்தில் தலைமுறைகளாக நிலைத்துவந்த லேஸ் பின்னல் அந்த வீட்டுத் திண்ணைகளில் தொடங்கியது.

வந்தவருக்கும் ஊராருக்கும் நடுவே எவ்வளவு உயரமான மதில் இருந்தது என்பதை மீட்டின் வாழ்க்கையே காட்டுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அவர், 1850களின் தொடக்கத்தில், ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த கிறிஸ்தவப் பெண் ஒருவரை மணந்துகொண்டார். சக மிஷனரிமார் அதை ஏற்கவில்லை. அவர் சங்கத்தைவிட்டு விலகித் திருவனந்தபுரத்தில் அரசுப்பணி ஏற்றார். மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தில் நாடார் பெண்களின் பக்கம் நின்று, 1859ஆம் ஆண்டு அரசாணை வரை வழக்காடிய அதே அமைப்பு, தன் மேசைக்கருகே ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு நாற்காலி போடத் தயங்கியது. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கும் வரலாறு நமக்கு வேண்டாம்.

இனி நெய்யூர். 1828இல் மீட் அங்கே குடியேறினார். பத்தாண்டு கழித்து, 1838இல், ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவர் வந்தார். திருவிதாங்கூரின் மருத்துவ மிஷன் அன்று தொடங்கியது. ஆனால் ராம்சே சில ஆண்டுகளிலேயே விலகிவிட்டார். நீண்ட இடைவெளிக்குப் பின் வந்த சார்லஸ் லீச், 1854இல் முட்டம் பக்கம் கடலில் குளிக்கும்போது அலையில் சிக்கி இறந்தார். ஜான் லோ வந்தது 1861இல். இருபத்து மூன்று ஆண்டுகளில் பெரும்பகுதி மருத்துவரே இல்லாத காலம். ஓர் ஆளை நம்பிய நிர்வாகம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

லோ அந்தப் பாடத்தைப் படித்தவர். உள்ளூர் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து அவர் மருத்துவ வகுப்பு தொடங்கினார். உடற்கூறு, மருந்தியல், புண்கட்டுதல், சிறு அறுவை என்று சில ஆண்டுப் பயிற்சி கொடுத்து, கிளை மருந்தகங்களுக்கு அவர்களை அனுப்பினார். 1860களில் தென் திருவிதாங்கூரில் மேல்நாட்டு மருத்துவம் படிக்க வேறு வாசல் அவர்களுக்கு இல்லை. சாதியின் பெயரால் பொதுத் தெருவிலேயே நடக்க விடாமல் விலக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள், உயர்சாதியார் வீட்டு நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்க்கும் நிலைக்கு வந்தார்கள். இந்த மாற்றத்தின் கனத்தைப் புள்ளிவிவர அட்டவணை எதுவும் சொல்லாது.

1868இல் மனைவியின் உடல்நிலை காரணமாக லோ ஊர் திரும்பினார். அடுத்த மருத்துவர் தாமஸ் தாம்சன் வந்தது 1873இல். நெய்யூரில் இது மூன்றாவது பெரிய இடைவெளி. முந்தைய இடைவெளிகளில் ஆசுபத்திரி நின்றுபோனது. இந்த முறை நிற்கவில்லை. லோவிடம் படித்தவர்கள் நோயாளிகளைப் பார்த்தார்கள். கிளை மருந்தகங்கள் நடந்தன. மருத்துவம் அறியாத மிஷனரிமார் பொதுவாக மேற்பார்த்தார்கள், அவ்வளவுதான். 1854க்குப் பிந்தைய இடைவெளிக்கும் 1868க்குப் பிந்தைய இடைவெளிக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் நெய்யூர் வரலாற்றின் திருப்பமாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. சபைப் பக்கத்திலும் இதே காலத்தில் அசைவு தெரிகிறது. உபதேசியார்களாகவே வைத்திருந்தவர்களிலிருந்து முதல் இந்தியப் போதகர்கள் 1866இல் குருத்துவ அபிஷேகம் பெற்றார்கள். வேதமாணிக்கம் சபைகளைத் தனியே நடத்திக் காட்டி அரை நூற்றாண்டு ஆன பிறகு வந்த அங்கீகாரம் இது.

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல்லைப் பார்க்க வேண்டும். 1890இல் இங்கிலாந்தின் கெண்டலில், காலணித் தொழில் நடத்திய வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அவர். முதல் உலகப்போரில் சோம் போர்முனையில் அறுவை மருத்துவர். 1922 எவரெஸ்ட் பயணத்தில் கலந்துகொண்டார். பனிச்சரிவில் உடன்வந்த சுமைதூக்கிகள் எழுவர் மாண்டார்கள். அந்தத் துயரம் அவரை விடவில்லை. பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப்பார்க்கத் தெற்கே வந்தவர் நெய்யூரில் நின்றார். டாக்டர் பியூ என்ற ஒற்றை அறுவை மருத்துவர், தன்னால் தாங்க முடியாத கூட்டத்தோடு போராடிக்கொண்டிருந்தார். சாமர்வெல் சில நாள் உடனிருந்து கத்தி பிடித்தார். பிறகு இலண்டனில் காத்திருந்த மருத்துவமனைப் பதவியை உதறிவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். 1924இல் மீண்டும் எவரெஸ்டில், நார்ட்டனோடு உயிர்வளிக் குப்பி இல்லாமல் 28,000 அடி வரை ஏறி, தொண்டை அடைத்துச் சாகும் தறுவாய்க்குப் போய்த் திரும்பியதும் அவர்தான். அதன்பின் அவருடைய வாழ்வு நெய்யூரில் வேரூன்றியது.

மரச்சீனிக் கிழங்கும் காரமும் உணவாகிப்போன ஏழைகளின் குடற்புண்ணையும், வெற்றிலை புகையிலை மென்றதால் வந்த வாய்ப்புற்றையும் அவர் ஆயிரக்கணக்கில் கண்டார். குடற்புண் அறுவையில் அவர் பெற்ற அனுபவம் மேல்நாட்டு மருத்துவர்களுக்கும் பயன்பட்டது. வாய்ப்புற்றுக்கு ரேடியம் கொண்டு சிகிச்சை நடந்தது. உலகின் மிகப்பெரிய மருத்துவ மிஷன்களில் ஒன்றாக நெய்யூர் எண்ணப்பட்டது. இவ்வளவையும் ஒரு மலையேறியின் தனித்திறம் என்று புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. ஆனால் கிளை ஆசுபத்திரிகளில் நோயைக் கண்டறிந்து ஆட்களை அனுப்பியவர்கள், மயக்க மருந்து கொடுத்தவர்கள், அறுவைக்குப் பின் இரவெல்லாம் கண்விழித்தவர்கள், அவர் சுற்றுப்பயணத்தில் இருக்கும்போது ஆசுபத்திரியை நடத்தியவர்கள் எல்லாரும் லோ போட்ட வரிசையின் வாரிசுகள். அந்த வரிசை இல்லையென்றால், பியூ தவித்ததைப் போலவே சாமர்வெல்லும் தவித்திருப்பார்.

ஒப்பிட்டுப் பார்க்க நாகர்கோவிலிலேயே இன்னொரு பன்னாட்டு அமைப்பு உண்டு. இரட்சணிய சேனையின் ஊழியர் ஹாரி ஆண்ட்ரூஸ், 1890களில் தன் வீட்டுக் குளியலறையை மருந்தகமாக்கி நோயாளிகளைப் பார்த்தார். 1900இல் வந்த டாக்டர் பெர்சி டர்னர் அதைக் கேத்தரின் பூத் மருத்துவமனையாக வளர்த்தார். 1920களில் அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர் வில்லியம் நோபிள் பல பத்தாண்டுகள் அதைத் தாங்கினார். சேனையின் அமைப்பு படையைப் போன்றது. தலைமையகம் உத்தரவிட்டால் ஊழியர் ஊர் மாறுவார். ஆண்ட்ரூஸ் குஜராத்துக்கும் மொராதாபாதுக்கும் மாற்றப்பட்டு, 1919இல் வசிரிஸ்தானில் காயமுற்ற வீரர்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டு, இறப்புக்குப் பின் விக்டோரியா சிலுவை பெற்றார். இலண்டன் மிஷனில் மாவட்டக் கமிட்டி, சேனையில் தலைமையகக் கட்டளை என்று முறைகள் வேறு. ஆனால் மேலே ஆள் மாறும்போதெல்லாம் கீழே நிலையாக நின்றவர்கள் இரண்டிலும் உள்ளூர்ச் செவிலியரும் கம்பவுண்டர்களுமே.

அதிகாரம் கைமாறியது படிப்படியாகத்தான். 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை உருவானது. இந்தியர்கள் அமர்ந்து பேசிய மன்றங்களுக்கு மிஷனரிக் கமிட்டியின் வேலைகள் ஒவ்வொன்றாக வந்துசேர்ந்தன. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. நாடு விடுதலை பெற்ற அடுத்த மாதம் அது. சாமர்வெல் சில ஆண்டுகளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராகப் போய்விட்டார். 1956 நவம்பர் 1இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதையொட்டி, 1959இல், தென் திருவிதாங்கூர்ப் பேராயத்திலிருந்து பிரிந்து கன்னியாகுமரிப் பேராயம் தனியே அமைந்தது, ஐ.ஆர்.எச். ஞானதாசன் அதன் முதல் பேராயரானார். நெய்யூர் ஆசுபத்திரி உட்பட எல்லாவற்றைப் பற்றியும் இந்த மண்ணிலேயே முடிவெடுக்கும் நிலை வந்தது. மாநில எல்லைக்கான மக்கள் போராட்டம் ஒரு திருச்சபையின் நிர்வாக வரைபடத்தையும் திருத்தியது என்பதை மிஷன் வரலாறுகள் போதிய அளவு வலியுறுத்தவில்லை.

இலண்டன் சங்கமும் மாறியது. 1977இல் உலக ஊழியக் கவுன்சில் என்ற பெயரில் அது தன்னைத் திருத்தி அமைத்துக்கொண்டது. ஒருகாலத்தில் மிஷனரிகளைப் பெற்ற நாடுகளின் சபைகள், அனுப்பிய நாடுகளின் சபைகளோடு சமமாக அமர்ந்து முடிவெடுக்கும் முறை வந்தது. 2012இல் அதன் தலைமையகமே இலண்டனை விட்டுச் சிங்கப்பூருக்கு மாறியது. மயிலாடியில் 1816இல் வேதமாணிக்கம் நடப்பில் செய்துகாட்டியதை, சங்கம் தன் சட்டத்தில் எழுத நூற்று அறுபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

இலண்டன் பக்கத்துக் கடிதங்களும் அறிக்கைகளும் அங்குள்ள கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. ஆய்வாளர் போய்ப் படிக்கலாம். இந்தப் பக்கத்து எழுத்துகள் வீடுகளிலும் சபை அலமாரிகளிலும்தான் தேடப்பட வேண்டும். உபதேசியாரின் நாட்குறிப்பு, கிளை மருந்தகத்தின் நோயாளிப் பதிவேடு, சபைக் கூட்டக் குறிப்பு, தாத்தா நெய்யூரில் கம்பவுண்டராக இருந்தபோது எடுத்த படம் என எதுவானாலும், மயிலாடி முதல் மார்த்தாண்டம் வரை உள்ளவர்கள் கரையானுக்கு விடாமல், ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரிக்கோ பேராய அலுவலகத்துக்கோ ஒரு படியாவது கொடுத்து உதவ வேண்டும்.