கரம் மீண்ட கதை

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், பழைய விமான நிலையச் சாலையை ஒட்டி அமைந்தது தொம்மலூர். அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்ச் சாசனங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் ஊரின் பெயர் அவற்றில் வழங்கக் காண்கிறோம். போசள மன்னன் இராமநாதன் ஆண்ட 13ஆம் நூற்றாண்டிலேயே தமிழ் எழுத்து அவ்வூர்க் கல்லில் ஏறிவிட்டது. ஆகவே, அங்கே தமிழ் ஒலிப்பது நேற்றுத் தொடங்கிய செய்தியன்று.

1809இல் பெங்களூரில் ஆங்கிலேயர் படைத் தண்டு அமைத்தபோதும், 1940இல் விமானத் தொழிற்சாலை எழுந்தபோதும் நம்மவர் பலர் அந்நகருக்கு வேலை தேடி வந்தனர். கொத்தனாராகவும் சித்தாளாகவும் மூட்டை சுமப்பவராகவும் வந்தோர்க்கு உடலே முதல்; உழைப்பே வட்டி. இடுப்புப் பிடித்துக்கொண்டால் அன்றைய கூலி போயிற்று. தோள் தூக்க முடியாவிட்டால் அடுப்பு எரிவதும் ஐயமே. இன்று நாற்காலியில் அமர்ந்து கணிப்பொறி முன் உழைப்போரும் கழுத்து வலியால் வாடுகின்றனர். எனவே, தசை, எலும்பு, மூட்டு இவற்றின் குறைகளைப் பயிற்சியால் போக்கும் இயன்முறை மருத்துவத்தின் வரலாறு நம் அனைவர்க்கும் உரியதாகும்.

உடலைப் பிடித்துவிடுதலும், எண்ணெய் தேய்த்தலும், வர்ம முறையும் நம் முன்னோர் அறிந்தவையே. எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டை நாடிச் செல்லும் வழக்கமும் நம்மிடையே உண்டு. மேல்நாட்டிலோ, 1813இல் ஸ்டாக்ஹோம் நகரில் லிங் என்பார் உடற்பயிற்சிக் கல்விக் கூடம் ஒன்றை நிறுவினார். 1894இல் இங்கிலாந்தில் தாதியர் நால்வர் கூடி இத்தொழிலுக்கு ஒரு சங்கம் கண்டனர். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களை மீண்டும் நடக்கச் செய்ய வேண்டியிருந்தமையால் இக்கலை வேகமாக வளர்ந்தது. நம் நாட்டில், பம்பாயில் பரவிய இளம்பிள்ளை வாதம் இதற்குக் காரணமாயிற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு 1953இல் அந்நகரின் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பள்ளி தொடங்கப்பட்டது.

ஆயினும் நம் உள்ளத்தைத் தொடும் கதை வேலூரில் நிகழ்ந்ததாகும். 1946இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைக் கூர்ந்து ஆராய்ந்தார். நோயால் விரல்கள் தாமே உதிர்வதாகவே அந்நாளில் பலரும் எண்ணினர். உணர்ச்சியற்ற கை சூட்டையும் காயத்தையும் அறியாமையாலேயே விரல்கள் அழிகின்றன என்பதை அவர் கண்டார். நலமாயுள்ள தசையின் நாணை எடுத்து, செயலற்ற விரலில் இணைத்தார்.

அறுவையோடு வேலை முடிந்துவிடவில்லை. அதற்கு முன்னரே இறுகிய மூட்டுகளைத் தளர்த்த வேண்டும். மாக்கட்டு அவிழ்த்தபின், புதிய இடத்தில் இழுக்கும் தசைக்குப் புதிய வேலையைக் கற்பிக்க வேண்டும். குழந்தைக்கு எழுத்துக் கற்பிப்பது போன்ற பொறுமை இதற்கு வேண்டியதாயிற்று. கத்தி திருத்திய கையைப் பயிற்சியே வேலை செய்யும் கையாக்கியது.

அக்கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, கால்கள் இரண்டும் செயலிழக்கப் பெற்றார். அவர் சோர்ந்து ஒதுங்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயின்று திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவ்வரலாறு கூறும் பாடம் யாது? அசைவே உடலுக்கு மருந்து என்பதாம். சாதாரண இடுப்பு வலிக்குப் பல நாள் படுத்துக் கிடத்தல் தீங்கே தரும். தாங்கும் அளவு நடமாடுவோர்க்குச் சில வாரங்களில் பெரும்பாலும் குணமாகும். நீரிழிவுடையோர்க்குத் தோள் இறுகிவிடுதல் மிகுதி. அதற்கு முறையான பயிற்சி உதவும். கணுக்கால் பிசகினால் உடனே சுளுக்கு வழிக்க ஓடுதல் தகாது. நான்கடி ஊன்றி நடக்க இயலாவிடில், எலும்பு முறிந்துளதா என எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தல் வேண்டும். இடுப்பு வலியோடு கால் வலுவிழந்தாலும், தொடை இடுக்கு மரத்தாலும், சிறுநீர் அடங்காது போனாலும் ஒரு நாளும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்க.

அயலூரில் வாழும் நம்மவர், கூலி போகுமே என்று வலியை மறைத்து உழைப்பதுண்டு. மறைத்த வலி முற்றிய பின், ஒரு நாள் கூலியோடு நில்லாமல் ஓராண்டுக் கூலியையும் கொண்டு செல்லலாம். இன்று இக்கலையில் தேர்ந்தோர் பெருநகர்கள் எங்கும் உளர்; 2021இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் ஒன்று இத்தொழிலை முறைப்படுத்த வழிவகுத்துள்ளது. பிழைக்க வந்த ஊரில் நாம் கொண்டுவந்த முதலைக் காத்துக்கொள்வது நமக்கும், ஊரில் நம்மை எதிர்நோக்கி இருப்போர்க்கும் நாம் ஆற்றவேண்டிய கடமையாகும்.