மயக்கம் என்னும் ஒரு சொல்: சிரைவழி மருந்துகள் இணைந்த வரலாறு

ஜொகூர் மருத்துவமனைகளில் அறுவைக்கு இசைவு தரும் நம்மவர்கள், மலாய்ச் சொல்லாகிய 'பியுஸ்' என்பதையும் 'மயக்க மருந்து' என்பதையும் ஒரே பொருளில் வழங்குவர். உறக்கம், நோவின்மை, நினைவின்மை, அசைவின்மை என்னும் நான்கையும் அச்சொற்கள் ஒன்றாகப் பொதிந்துவிடுகின்றன. இவை நான்கும் வேறுவேறானவை என்பதை மருத்துவ உலகம் மெல்ல உணர்ந்தது. சிரைவழி மருந்துகள் ஒன்றோடொன்று கலந்தது அவ்வுணர்வின் பயனாகவே.

முகர்ந்து மயங்கும் முறை முதலில் வந்தது. 1846இல் பாஸ்டனில் மார்ட்டன் ஈதரையும், 1847இல் எடின்பரோவில் சிம்சன் குளோரோஃபார்மையும் கையாண்டனர். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், பின்னாளில் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கலைச்சொற்களுக்காக அவர் பட்ட பாடு தனியே பேசத் தக்கது.

சிரைவழி முறைக்கு உண்மையான வாழ்வு 1934இல் வந்தது. அமெரிக்காவில் வாட்டர்ஸும் லண்டியும் தையோபென்டோனை அவ்வாண்டில் தனித்தனியே பயன்படுத்தினர். ஊசி ஏற்றிய அரை நிமிடத்திற்குள் நோயாளி உறங்கிவிடுவார். சில நிமிடங்களில் விழிப்பார். மருந்து உடலைவிட்டு நீங்குவதால் அன்று, மூளையிலிருந்து தசைகளுக்குப் பரவுவதால் வரும் விழிப்பு அது. எனவே மீண்டும் மீண்டும் ஏற்றினால் மயக்கம் நீளும். தவிரவும், அது உறக்கம் தருமேயன்றி நோவை அகற்றாது. பல மருந்துகளைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதை 1926இலேயே 'சமன்செய்த மயக்கம்' என்று லண்டி குறித்திருந்தார்.

கெட்டமினின் கதை மொழியன்பருக்குச் சுவையானது. 1962இல் கால்வின் ஸ்டீவன்ஸ் உருவாக்கிய அம்மருந்தை 1964இல் மனிதர்க்கு முதன்முதலாகச் செலுத்தியபோது, விழி திறந்திருந்தும் உலகோடு தொடர்பற்ற நிலை தோன்றியது. அதற்கு வழக்கிலிருந்த பெயர் எதுவும் பொருந்தவில்லை. 'தொடர்பறுந்த மயக்கம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைத் தந்தவர், ஆய்வாளர் எட்வர்ட் டொமினோவின் மனைவியார். கெட்டமின் நோவகற்றும்; மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பெரும்பாலும் காக்கும். ஆயின் விழிக்கையில் சிலர்க்கு அச்சந்தரும் காட்சிகள் தோன்றும். அதனைத் தணிக்க டயஸிபாமும், பின்னர் மிடஸோலாமும் உடன் சேர்ந்தன.

1986இல் புழக்கத்திற்கு வந்த புரோபஃபோல், சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்பும் சேர்ந்த பால்போன்ற வெண்குழம்பு. ஜான் கிளென் என்னும் கால்நடை மருத்துவரின் உழைப்பில் விளைந்தது. தெளிந்த விழிப்பையும் குறைந்த குமட்டலையும் தருவதால் குறுகிய அறுவைகளில் அதுவே முன்னிற்கிறது. அதுவும் நோவகற்றாது. ஃபென்டனில் சேர்த்தால் நோவடங்கும். மூச்சு மேலும் தளரும். சிறிதளவு கெட்டமின் சேர்த்தால் அழுத்தம் சரிவது குறையலாம்; விழிப்பு சற்றுத் தாமதமாகலாம். இரண்டின் குறைகளும் ஒன்றையொன்று முழுதும் அழித்துவிடும் என்பார் கூற்று மிகையென்றே எனக்குத் தோன்றுகிறது. இதயம் தளர்ந்த முதியவர்க்கும் எலும்பு முறிந்த சிறுவனுக்கும் ஒரே கலவை பொருந்தாது.

"எனக்கு வலி தெரியுமா?" என்று நோயாளி வினவும்போது, அவர் கேட்பது உறக்கத்தைப் பற்றியன்று. புரோபஃபோல் மட்டும் பெறுபவர்க்கும் ஃபென்டனிலும் உடன் பெறுபவர்க்கும் உரிய விடை வேறு. அவ்வேறுபாட்டைச் சொல்ல 'உறக்க மருந்து', 'நோவகற்றி' என்னும் இரண்டு எளிய தமிழ்ச் சொற்களே போதும். இவை நம் பள்ளி அறிவியல் வகுப்பிலேயே பழகத் தக்கவை.