குருதியின் நிறமும் விலங்கின் மூச்சும்

விலங்கை வாயில்லாச் சீவன் என்பது நம் வழக்கு. மயக்க மருந்து கொடுத்து மேசைமேல் கிடத்திய நாய்க்கு மூச்சு முட்டினால் யார் சொல்வது? ஈறும் நாவும் நீலம் பாய்கின்றனவா என்று பார்ப்பதே கால்நடை மருத்துவர்களின் நெடுநாள் வழக்கம். அந்தக் கண் எத்துணை மெலிந்த சாட்சி என்பதை 1947இல் அமெரிக்காவில் காம்ரோ, பொட்டெல்லோ என்னும் இருவர் மனிதரிடம் நடத்திய சோதனை காட்டிற்று. குருதியின் பிராணவாயு நிறைவு 80 விழுக்காட்டளவுக்கு இறங்கும்வரை, பார்த்தவர்களுள் பெரும்பாலோர் நீலத்தைத் திட்டமாகக் காணவில்லை.

இத்தனைக்கும், நிறத்துக்கும் மூச்சுக்கும் உறவுண்டு என்ற அறிவே நாயிடமிருந்து வந்ததுதான். நுரையீரலுக்குள் காற்றை ஊதினால் அங்கிருந்து திரும்பும் குருதி செக்கச் சிவக்கிறது, நிறுத்தினால் கறுக்கிறது என்பதை நாய்களிடம் கண்டு 1669இல் நூலில் வெளியிட்டவர் ஆங்கில மருத்துவர் ரிச்சர்டு லோவர். நிறம் மாறுவது குருதியிலுள்ள செந்நிறப் பொருளே என்பதை 1864இல் ஸ்டோக்ஸ் விளக்கினார்.

ஆயினும் உடம்புக்கு வெளியிலிருந்து அளப்பது எளிதன்று. தோலும் சதையும் ஒளியை விழுங்கிவிடுகின்றன. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி, நிகோன் கோடன் நிறுவனத்தில் வேறொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். குருதியில் சாயம் செலுத்தி, காதுமடலில் ஒளி பாய்ச்சி, இதயம் வெளியேற்றும் குருதியின் அளவை அறிவது அவர் நோக்கம். நாடித் துடிப்பு அவரது வரைகோட்டைக் குலைத்தது. இருவகை ஒளியால் அதை நீக்க முனைந்தார். பிராணவாயு குறையுந்தோறும் அந்த நீக்கம் பிசகியது. களையென்று பிடுங்க வந்ததே பயிராயிற்று! துடிப்பது தமனிக் குருதி. அத்துடிப்பை மட்டும் இருவகை ஒளியில் ஒப்பிட்டால் தோலும் சதையும் கணக்கிலிருந்து விலகிவிடும். 1974இல் வெளியான இக்கருத்தே பல்ஸ் ஆக்சிமீட்டர். 1980களில் அறுவை அரங்குகளில் பரவிய இக்கருவி, பின்னர் விலங்கு மருத்துவத்துக்கும் வந்தது.

மனித விரலுக்கென அமைந்த கவ்வி நாயின் மயிரிலும் கருந்தோலிலும் தடுமாறும். மயிரற்ற நாவே ஏற்ற இடம். நெடுநேரம் கவ்வினால் அவ்விடத்தில் குருதியோட்டம் தளர்ந்து எண் பொய்யாகத் தாழும். ஆகவே இடம் மாற்றுவர். சௌ சௌ நாய்க்கோ நாவே கருநீலம்! பூனையின் நாடி நிமிடத்துக்கு 200ஐத் தாண்டவும் கூடும். மனிதருக்கான சில கருவிகள் அவ்வளவு எண்ணமாட்டா.

மற்றொன்று. கருவி காட்டும் எண், மனிதத் தொண்டர்களின் குருதியை அளந்து வகுத்த கணக்கு. நாய், குதிரை முதலியவற்றின் குருதி ஒளியை ஏறக்குறைய நம்முடையதைப் போலவே விழுங்குவதால் அவற்றுக்குப் பொருந்துகிறது. பறவைகளிடம் அத்துணை நம்பகமில்லை. மேலும், தூய பிராணவாயுவை உட்கொண்ட விலங்கு மூச்சை நிறுத்திய பின்னும் எண் சில நிமிடம் உயர்ந்தே நிற்கக்கூடும். அதனால் மார்பு எழுந்து தாழ்வதைப் பார்த்திருக்க ஓர் ஆள் இன்றும் மேசையருகே நிற்கிறார்.