கல்லறைத் திருநாள்: ஒரு பெயர் வரலாறு

நவம்பர் 2ஆம் நாளைக் கத்தோலிக்கத் திருச்சபை இறந்தோர் நினைவுநாளாகக் கொள்கிறது. பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தலைவர் ஓதிலோ, தம் ஆளுகைக்குட்பட்ட மடங்களில் இதனை நிலைபெறச் செய்தார். மடத்து முன்னோர்க்கு மட்டுமன்றி, இறந்த விசுவாசிகள் அனைவர்க்கும் வேண்டுதல் என்பதே அதன் சிறப்பு. இலத்தீன் பெயரிலும் 'அனைவர்' என்னும் சொல் உண்டு. தமிழில் 'சகல ஆத்துமாக்கள் திருநாள்' எனவும் வழங்கும். எனினும் மக்கள் வழக்கில் வேரூன்றியது 'கல்லறைத் திருநாள்' என்பதே. வெள்ளையடித்த கல்லறையும் மலரும் மெழுகுதிரியும் கண்ட கண்ணுக்கு அப்பெயரே இயல்பு. ஆயினும் பொருள் சற்றே குறுகிற்று எனலாம். கல்லறை வாய்க்காதவர் அதனுள் அடங்கார். 1915இல், உலகப்போரின் நடுவே, திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அந்நாளில் குருக்கள் மூன்று திருப்பலி நிறைவேற்ற இசைவளித்தார். அவற்றுள் ஒன்று இறந்தோர் அனைவர்க்கும் உரியது. அடக்கம் பெறாத போர்வீரர்க்கும் அதில் இடமிருந்தது.